சின்னம்மா முதன்முதல் அவித்த நெல்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கோணல் மாணலாகத்தான் வரும், பாதி மறந்தும் போச்சுது; பொறுத்துக்கொள்ளுங்கோ. பேத்தி கைபேசியில் ஒரு படம் காட்டியிராவிட்டால் இதை எழுத நினைத்தே இருக்கமாட்டேன்.

அவள் வவுனியாவில், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். படத்தில் ஓர் அச்சடித்த தாளின் மேல் இரண்டு பீங்கான் வில்லைகள் கிடந்தன. ஒன்று தேத்தண்ணிக் கோப்பை போல வெள்ளை. மற்றதினூடாகக் கீழே இருந்த எழுத்து அப்படியே தெரிந்தது.

“ரெண்டும் ஒரே மாவிலை சுட்டதுதான், அம்மம்மா. வெள்ளையாய் இருக்கிறதுக்குள்ளை கண்ணுக்குத் தெரியாத காத்துப் புழையள் கிடக்கு. வெளிச்சம் அதிலை முட்டி முட்டிச் சிதறிப்போகுது. மற்றதிலை மணியெல்லாம் இறுகிப் புழை அடைபட்டுட்டுது. வெளிச்சம் நேராய் வந்திடும்.”

“அப்ப அந்த வெள்ளை, அவியல் காணாத நெல்லெல்லோ!” என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு யோசித்துவிட்டு, “ஓம், அரிசிக்குள்ளையும் அதே கதைதான்” என்றாள். எனக்குச் சின்னம்மாவின் முகம் வந்து நின்றது.

அப்போது எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். அக்கராயனில் எங்களுக்குக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல். ஐயாவின் தம்பி, என் சித்தப்பா, யாழ்ப்பாணத்து ரவுனில், பட்டணத்தில், கலியாணம் முடித்துச் சின்னம்மாவைக் கூட்டிவந்தார். சின்னம்மாவுக்கு நெல் அவிக்கத் தெரியாது. எங்கள் வீட்டிலோ, புதுப்பெண் முதலில் அவிக்கிற நெல்லைக் குற்றி அவளுடைய தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம்.

சின்னம்மா மழை இருட்டுவதைக் கண்டு பயந்து, பானையை நேரத்துக்கு முந்தியே இறக்கிவிட்டார். நெல் காய்ந்ததும் ஐயாவின் அக்கா, எங்கள் மாமி, பாயிலிருந்து நாலு நெல்லை எடுத்து உள்ளங்கையில் உரசி உமியை ஊதினார். ஓர் அரிசியை வெயிலுக்கு நேரே பிடித்தார். நன்றாக அவிந்த அரிசி கண்ணாடி போல் இருக்கும். இதில் நடுவிலே சுண்ணாம்பு போல வெள்ளை.

“வயிறு வெள்ளை. உரலிலை போட்டால் உடைஞ்சு குறுணல்தான் மிஞ்சும். ரவுனிலை அரிசி கடையிலை முளைக்குதாக்கும்!”

“நேரம் காணுமெண்டு நினைச்சன், மச்சாள்,” என்றார் சின்னம்மா, நிமிராமல்.

சித்தப்பாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. “குறுணலைக் கட்டு. அதோடை நீயும் போ. அவிக்கப் பழகினாப் பிறகு வரலாம்!”

சின்னம்மா அன்றே பெட்டியைத் திறந்து உடுப்பு அடுக்கியதைக் கண்டேன்.

மறுநாள் எல்லோரும் வயலுக்குப் போய்விட்டார்கள். காய்ச்சலென்று நான் மட்டும் படுத்திருந்தேன். புகை மணத்தது. எட்டிப் பார்த்தால் மாமி! அந்த நெல்லையே சுடுதண்ணீரில் ஊறவைத்து, திரும்பவும் பானையில் ஏற்றி, உமி வெடிக்கும்வரை அடுப்படியில் வேர்க்க வேர்க்க நின்றார்.

“என்ன பாக்கிறாய்? வெளியிலை ஒரு சொல் போச்சோ, வாயிலை சூடுதான்!”

நான் கைகளால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நெல் மறுபடி காய்ந்தபின் மாமி சித்தப்பாவைக் கூப்பிட்டு, ஓர் அரிசியை அவருடைய கண்ணுக்கு முன்னால் பிடித்தார். வெயில் அதனூடாக மஞ்சளாய் வந்தது.

“வடிவாய்ப் பார். அண்டைக்கு என்ரை கண்தான் மங்கல். உன்ரை பெண்டில் நல்லாத்தான் அவிச்சிருக்கிறாள்.”

சித்தப்பா தலையைச் சொறிந்தார். சின்னம்மா அரிசியைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். தாய்வீட்டுக்கு அரிசி மட்டும் போனது. பெட்டியில் உடுப்பு மடித்தபடி இருந்தது.

வாய் ஓயாமல் ஏசுகிற மாமி ஏன் பொய் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் ஏன் புருசன் வீட்டில் இல்லாமல் எங்களோடு இருக்கிறார் என்றும் நான் கேட்டதில்லை. வளர்ந்தபின் அம்மா சொன்னார்: கலியாணம் முடித்த வருசமே, ‘பழகினாப் பிறகு வா’ என்று மாமியை அனுப்பிவைத்தார்களாம். கூட்டிப்போக ஒருவரும் வரவில்லையாம்.

பீங்கானைப் பற்றி நான் எழுதியதில் பிழை இருக்கும். படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கோ. மாமியைப் பற்றி எழுதியதைச் சரிபார்க்கத்தான் இப்போது ஒருவரும் இல்லை.