அட்டை மூலையில் ஒரு பெயர்

நான் கண்ணாடிக் கடைக்காரன். பிரிக்பீல்ட்ஸில் இருபத்திரண்டு வருடமாக மனிதர்களின் கண்ணைச் சோதித்துக்கொண்டிருப்பவன். "அடிக்கடி ஒரு உருவம் தெரியுது டாக்டர்" என்று வருகிறவர்களிடம் (நான் டாக்டர் இல்லை, சொன்னால் யார் கேட்கிறார்கள்) பவர் ஏறியிருக்கிறது என்று சொல்லி லென்ஸை மாற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், லென்ஸோடு அந்த உருவமும் போய்விடும். பேய், செய்வினை, தாயத்து, எதுவும் என் கடை வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. இதைப் படிக்கும்போது உங்கள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அதே சிரிப்பை நானும் நிறையப் பேரிடம் சிரித்தவன்தான். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய ரெக்கார்டு சேர்ப்பது. அதுவும் ஊர் உலகம் கேட்கிற பாட்டு இல்லை. அறுபதுகளின் கடைசி, எழுபதுகளின் தொடக்கம், பிரிட்டனில் தலைமுடி வளர்த்த நாலு பையன்கள் சேர்ந்து ஒரே பாட்டை இருபது நிமிடம் வாசிப்பார்கள், நடுவில் புல்லாங்குழல் வரும், ஆர்கன் வரும், திடீரென்று யாரோ கவிதை சொல்வார்கள். புரோக்ரெசிவ் ராக், சைக்கடெலிக் என்று பெயர். சில குழுக்கள் நூறு பிரதிகூட அச்சடிக்காமல் ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்து போனார்கள். அந்த மாதிரி ஆல்பம்தான் எனக்கு வேண்டும். "அத வாசிச்சவனோட அம்மாவே வாங்கியிருக்க மாட்டா" என்பாள் என் மனைவி.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கச் சேர்த்தாலும் ஏழு பேர்தான். எங்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. ரெக்கார்டின் நடுவில் கீறியிருக்கும் ஒரு எண்ணுக்காக மூன்று நாள் சண்டை போடுவோம். எங்களுக்கு ரெக்கார்டின் உறை அட்டை சுத்தமாக இருக்க வேண்டும், அன்றைக்குத்தான் கடையிலிருந்து வந்த மாதிரி. அந்தக் காலத்தில் பார்ட்டிக்கு இரவல் போகும் என்பதால் சொந்தக்காரர்கள் அட்டை மூலையில் பெயர் எழுதி வைப்பார்கள். எங்களைப் பொறுத்தவரை அது ஒரு நோய். அதற்கு வைத்தியம் நான்தான். பஞ்சில் கொஞ்சம் சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோல், பிறகு என் கடையில் லென்ஸ் துடைக்கும் துணி, பளபளப்பான அட்டை மேல் மெதுவாக நாலு சுற்று, பெயர் போயே போய்விடும். குரூப்பில் என்னை 'டோபி' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

போன வருடம் கிள்ளானிலிருந்து ஷீலா என்று ஒரு டீச்சர், அம்மாவின் கண்ணாடியைச் சரிசெய்யக் கடைக்கு வந்தார். கடையில் என் பிளேயர் ஓடிக்கொண்டிருந்தது. "எங்க அப்பாகிட்ட இந்த மாதிரி நிறைய இருக்கு அண்ணே. அவரு போயி ரெண்டு வருஷமாச்சு, சும்மாதான் கிடக்குது" என்றார். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே பண்டமாரானில் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

ஷீலாவின் அம்மா கிரேஸ் ஆன்டிக்கு எழுபத்தாறு வயது. நினைவு கத்தி மாதிரி. புருஷன் ஞானமுத்து துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க்காக இருந்தவர், பிரிட்டிஷ் கப்பல்காரர்களோடு பழகி, ஒரு கூடை ரம்புத்தான் பழத்துக்கு ஒரு ரெக்கார்டு என்று வாங்கிச் சேர்த்திருக்கிறார். மொத்தம் நாற்பத்தொன்று. குரூப்பில் யாரும் கண்ணால் கண்டிராத ஆல்பங்கள். ஆனால் ஒவ்வொரு அட்டையிலும் வலது மேல் மூலையில், நீல மையில், வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில், ஜே. எஸ். ஞானமுத்து.

ஆன்டி ஒவ்வொன்றாக எடுத்துக் கதை சொன்னார். எடுக்கும்போதெல்லாம் அவர் விரல் முதலில் அந்தப் பெயர் மேல்தான் போனது. தொப்பி போட்ட கொக்கு படம் இருக்கிறதே, அது கல்யாணமான வாரம் வாங்கியது, இரவல் பிளேயரோடு போர்ட் டிக்சன் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம், மூன்று நாளும் விடாத மழையாம். கல் பாலம் போட்ட அட்டை ஷீலா பிறந்த அன்றைக்கு. கடைசியாக ஒன்று, படமே இல்லாத வெறும் வெள்ளை அட்டை. அதற்கு மட்டும் கதை சொல்லாமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார். பிறகு எல்லாவற்றையும் என்னிடமே கொடுத்துவிட்டார், பணம் வேண்டாம் என்றுவிட்டார்.

"கேளுங்க தம்பி. அடுக்கி மட்டும் வெச்சிராதீங்க."

அடுக்கிக்கூட வைக்கவில்லை, துடைத்தேன். திங்கட்கிழமையிலிருந்து கடை சாத்தும் நேரத்தில் ஒரு நாளைக்கு ஏழெட்டு. துடைப்பதற்கு முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம், குரூப்பில் போட்டால் கைதட்டல். வெள்ளிக்கிழமைக்குள் முப்பத்தொன்பது முடிந்தது. மிச்சம் இருந்தது கல் பாலமும் வெள்ளை அட்டையும்தான். வெள்ளை அட்டையில் பளபளப்பு இல்லை, மை காகிதத்துக்குள் இறங்கியிருந்தது, அதைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்திருந்தேன்.

சனிக்கிழமை கொக்கு ஆல்பத்தின் உள்ளே இருக்க வேண்டிய பாட்டுத் தாளைக் காணவில்லை என்று ஷீலாவுக்கு போன் போட்டேன். அவர் குரலே சரியில்லை.

"அம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு அண்ணே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், ஸ்கேன் எல்லாம் ஓகே லா. பாசார்ல மீன் என்ன விலைன்னு கேளுங்க, கரெக்டா சொல்றாங்க. அப்பாவத்தான் மறந்துட்டாங்க. திங்கக்கிழமை என்னடான்னா, போர்ட் டிக்சனுக்கு நான் போனதே இல்லைன்னாங்க. நேத்து போட்டோவ பாத்து இந்தாளு யாருன்னு கேக்குறாங்க."

வயசாகிவிட்டது, இப்படித்தான் ஆகும் என்று எல்லோரும் சொல்வதை நானும் சொல்லிவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. கொக்கை நான் துடைத்தது திங்கட்கிழமை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றுதான் முதலில் நினைத்தேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை, ஏதோ அக்கறையில் விசாரிப்பது போல ஷீலாவை மறுபடி கூப்பிட்டு எந்த நாளில் எதை மறந்தார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, என் போனில் இருந்த படங்களின் தேதியோடு ஒப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை மறந்த சண்டை, புதன்கிழமை மறந்த வாடகை வீடு, வியாழக்கிழமை மறந்த மோட்டார் சைக்கிள். அந்தக் கதைகளை ஆன்டி எந்த எந்த அட்டையை வைத்துச் சொன்னார் என்பது எனக்கு நினைவிருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நல்ல மனுஷனாக இருந்தால் அதோடு நிறுத்தியிருப்பான். நான்தான் எதையும் சோதித்துப் பார்க்கிறவன் ஆயிற்றே. ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, கல் பாலத்தை எடுத்து மேசை மேல் வைத்து, பஞ்சை நனைத்து, மணி பார்த்துத் துடைத்தேன். பதினொன்று பத்து. இது பொய் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மோனோரெயில் இரண்டு தடவை மேலே போய் வந்தது. மூன்றாவது தடவை போகும்போது போன் அடித்தது. நான் கூப்பிடவில்லை, ஷீலாதான்.

அழுதுகொண்டே பேசினார். "இப்பத்தான் அண்ணே, பசியாறிட்டு இருந்தோம், திடீர்னு என்னய பாத்து, நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா, உங்க அப்பா பேரு என்னன்னு கேக்குறாங்க."

முப்பத்தொன்பதை அறியாமல் செய்தேன், சரி. நாற்பதாவது தெரிந்தே செய்தது.

திரும்ப எழுதிவிடலாம் என்று தோன்றியது. எழுத்து எப்படி இருந்தது என்று பார்க்க, துடைப்பதற்கு முன்னால் எடுத்த படங்களைத் திறந்தேன். நம்பினால் நம்புங்கள், ஒரு படத்தில்கூடப் பெயர் இல்லை. மூலை வெறுமையாக இருந்தது, முன்னால் எடுத்ததும் பின்னால் எடுத்ததும் ஒன்று போலவே இருந்தன. ரவாங்கில் இருக்கும் குரூப் நண்பரைக் கூப்பிட்டு, நான் அனுப்பிய படத்தில் இருந்த பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "என்ன பேரு? ஆரம்பத்துலேருந்தே கிளீனாத்தானே இருந்துச்சு டோபி. நீ என்னத்த துடைக்கிறேன்னு நாங்களே கேக்கணும்னு இருந்தோம்" என்றார்.

அதைவிட மோசம், போனை வைத்ததும் எனக்கே அந்தப் பெயர் மறந்துவிட்டது. ஒரு வாரமாக என் கண் முன்னாலேயே இருந்த பெயர், நாக்கு நுனியில்கூட இல்லை. வெள்ளை அட்டையை உருவி எடுத்தேன். அதை நான் தொட்டதே இல்லை. ஆனால் முதல் இரண்டு எழுத்துகள் சாயம் போயிருந்தன, மீதியும் பழுப்பாகிக்கொண்டு வந்தது. லென்ஸைக் கண்ணில் வைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அழுத்தத்தின் தடத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டினேன். ஜே. எஸ். ஞானமுத்து. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நீலப் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தேன். ஒரு சேகரிப்பாளன் சுத்தமான அட்டையில் தன் கையாலேயே பேனா வைப்பது, குரூப்பில் தெரிந்தால் என்னை அன்றைக்கே தள்ளி வைத்துவிடுவார்கள். பளபளப்பில் பேனா வழுக்கியது, அழுத்தி எழுதினேன். என் எழுத்து நேராக நிற்கும், பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படி. பத்தாவது அட்டைக்கு மேல் அது வலப்பக்கம் சாய்ந்தது. நான் சாய்க்கவில்லை. நாற்பதையும் முடித்து, வெள்ளை அட்டையில் மங்கிப்போனதன் மேலேயே கடைசியாக எழுதினேன்.

பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு ஃபெடரல் ஹைவேயில் பறந்தேன். பண்டமாரானில் வண்டியை நிறுத்தும்போது ஆன்டி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் அப்படி மலர்ந்தது.

"ஏங்க, இன்னைக்கு ஏன் இவ்ளோ லேட்டு? கப்பல் லேட்டா?"

பின்னாலிருந்து ஷீலா ஓடி வந்தார். "அம்மா, இது கண்ணாடிக் கடை அண்ணன்மா." ஆன்டி சிரித்துக்கொண்டே மகளின் தலையில் ஒரு தட்டு தட்டினார். "உங்க அப்பாவ எனக்குத் தெரியாதாடி? நீ பொறந்தப்ப ரெக்கார்டு போட்டு ஊரையே எழுப்பின மனுஷன்" என்றார். அப்புறம் போர்ட் டிக்சன், மழை, மோட்டார் சைக்கிள், எல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது. ஷீலா அழுதபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு தேங்க்யூ தேங்க்யூ என்றார். நான் எதற்கு வந்தேன், பெட்டியில் என்ன செய்து வைத்திருக்கிறேன், எதுவும் அவருக்குத் தெரியாது. அப்போதே நான் கிளம்பியிருக்க வேண்டும்.

ஆன்டி என்னை உட்காரவைத்தார். பெட்டியிலிருந்து அந்த வெள்ளை அட்டையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நம்ம மூத்தவனுக்கு நீங்க வெச்ச பேரு, காலையிலேருந்து வாயில வர மாட்டேங்குது. சொல்லுங்களேன்."

ஷீலா வீட்டுக்கு ஒரே பிள்ளை, அது எனக்குத் தெரியும். நான் உங்கள் புருஷன் இல்லை ஆன்டி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எட்வின்" என்றேன்.

"ஆமா. எட்வின்" என்று சொல்லிவிட்டு ஆன்டி அந்த அட்டை மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். "யாரு எட்வின்? எந்த மூத்தவன்?" என்று ஷீலா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு மாதம் கழித்து அவர்கள் சர்ச்சின் பழைய பதிவேட்டில் தேடிக் கண்டுபிடித்தார். எட்வின் ஞானமுத்து, பதினோரு நாள் இருந்திருக்கிறான். ஷீலா பிறப்பதற்கு முன்னால். வீட்டில் யாரும் அவரிடம் சொன்னதில்லை.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஷீலா கேட்டபோது, ஆன்டி முதல் நாளே என்னிடம் சொன்னார் என்று பொய் சொல்லிவிட்டேன். இப்போது ஞாயிறு தவறாமல் பண்டமாரானுக்குப் போகிறேன். ஒரு வாரம் போகாவிட்டாலும் ஆன்டி போட்டோவைப் பார்த்து யார் என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார், அதற்கு நான்தான் காரணம், அதனால் போகிறேன். ஒவ்வொரு வாரமும் ஏதாவது கேட்பார். தெரியாது, மறந்துவிட்டது என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

போன ஞாயிறு, பிள்ளையைப் புதைக்கும்போது என்ன சட்டை போட்டோம் என்று கேட்டார். மறந்துவிட்டது என்றேன்.

வெள்ளைச் சட்டை. கழுத்தைச் சுற்றி நீல நூலில் தையல். இரண்டாவது பொத்தான் இல்லை, ஆன்டி அதில் ஒரு ஊக்கு குத்தியிருந்தார்.