சமைக்கப் போவதாகச் சொன்ன மகன்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, மகளின் இராணுவத் தாதியர் பயிற்சி விண்ணப்பத்தை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். பெற்றோர் கையொப்பம் மட்டும்தான் பாக்கி.

பிறகு ருவான்வெல்லைக்குப் போனேன். மண்சரிவில் மக்களை மீட்ட படையினரையும் அவர்கள் குடும்பங்களையும் பாராளுமன்ற உறுப்பினர்கள் கௌரவிக்கும் விழா. எங்கள் தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டும் செல்லம்மா அக்காவின் மகனும் அவர்களில் ஒருவன். அக்காவுக்குத் துணையாக, தோட்டப் பள்ளி ஆசிரியையான நான்.

"இடுப்பில் கயிறு கட்டிச் சேற்றில் இறங்கி, நான்கு பேரைத் தூக்கி வந்தவர்" என்று அக்காவின் மகனைப் பற்றி ஓர் உறுப்பினர் சிங்களத்தில் வாசித்தார்.

அக்காவின் கைதட்டல் நின்றுவிட்டது.

"கேம்ப்ல சமைக்கிறேன்னுதானே சொன்னான், டீச்சர்! பருப்புல உப்பு கூடிருச்சுன்னு வேற கதை விட்டான்."

"தெரிஞ்சிருந்தா விட்டிருப்பீங்களா அக்கா?"

"எங்க விடுறது? அதான் பொய் சொல்லியிருக்கான், கள்ளப்பய."

திட்டிக்கொண்டே மேடையேறினார். நினைவுச் சின்னத்தை ஒரு கையால்தான் வாங்கினார். மறு கை மகனை விடவில்லை.

என் மகள் பொய் சொல்லவில்லை. படிவத்தை நேராக என் முன்னால் வைத்தாள். ஒளித்தது நான்தான்.

வீட்டுக்குப் போனதும் கையொப்பம் போடப் போகிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மகள் என்னை இங்கே பிளாக் செய்திருக்கிறாள், இந்தப் பதிவு அவள் கண்ணில் படாது. என் பஸ் ஊர் போய்ச் சேரும்வரை யாரும் முந்திக்கொண்டு அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.