ஆறு பாட்டில் ஜிஞ்சர் பீருடன் விருத்தாசலத்துக்கு

சனிக்கிழமை காலை 6.10. கடலூர் பஸ் நிலையம். என் மடியில் ஒரு துணிப்பை. அதில் ஆறு பிளாஸ்டிக் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் ஜிஞ்சர் பீர். இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டு வீட்டிலேயே மூன்று நாள் புளிக்கவைத்தது. பெயரைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். குடித்தால் தலைக்கு ஏறாது, மூக்கில்தான் ஏறும்.

பயணத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தில் என் மகள் கலாவின் கணவர் செல்வம் செராமிக் பட்டறை வைத்திருக்கிறார். பதினோரு வருடமாகப் பொம்மைகள்தான். பொம்மை நவராத்திரிக்கு முன்னால் மூன்று மாதம் ஓடும், மீதி ஒன்பது மாதம் சூளை சும்மா கிடக்கும். இப்போது புதுச்சேரியில் ஓட்டல் நடத்தும் பாஸ்கர் என்பவர் கைப்பிடி வைத்த கப்பு முந்நூறு கேட்டிருந்தார். ஜிஞ்சர் பீரும் சோடாவும் கலந்த காக்டெய்லை அதில் ஊற்றித் தருவாராம். அன்று மாலை நான்கு மணிக்கு செல்வத்தின் வீட்டுக்கே வந்து, நான் கொண்டுபோகும் ஜிஞ்சர் பீரில் கலந்து குடித்துப் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. ஆர்டர் கிடைக்காவிட்டால் சூளையை மூடிவிட்டு செல்வம் திருப்பூருக்கு வேலைக்குப் போவதாக இருந்தார். இதைப் போனில் சொல்வதற்குள் கலா நான்கு முறை மூக்கை உறிஞ்சினாள்.

6.25க்கு பஸ் கிளம்பியது. அறுபது கிலோமீட்டர், டிக்கெட் பதினெட்டு ரூபாய். என் கவலையெல்லாம் பாட்டில்களைப் பற்றித்தான். வெயிலும் குலுக்கலும் சேர்ந்தால் உள்ளே காற்று ஏறும். காற்று ஏறினால் வெடிக்கும். ஆகவே பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பைக்குள் கையை விட்டு, மூடிகளை ஒவ்வொன்றாக அரைத் திருகு திருகி மூடிக்கொண்டே வந்தேன். ஒரு சுற்றுக்கு ஆறு 'புஸ்'.

குறிஞ்சிப்பாடி தாண்டி மூன்றாவது சுற்றில், பக்கத்தில் இருந்த அம்மாள் கால்களைத் தூக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டார்.

"இன்னாங்க அது, பையில பாம்பு கீம்பு வெச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா. இஞ்சித் தண்ணி."

"எங்க வூட்லயும்தான் இஞ்சித் தண்ணி போடுறோம். அது ஒருநாளும் சீறுனது இல்ல."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "பெருசு, கேஸு சிலிண்டரா இருந்தா லக்கேஜி டிக்கெட்டு போடணும்."

அந்த அம்மாள் வடலூரில் இறங்கினார். அங்கேதான் இறங்க வேண்டியவரா என்பது எனக்குத் தெரியாது.

8.40. விருத்தாசலம், கால் மணி நேரம் தாமதம். செல்வத்தின் வீடும் பட்டறையும் இருக்கும் தொழிற்பேட்டைக்கு ஆட்டோ இருபத்தைந்து ரூபாய். இருபது என்றேன். "ஐயா, பாட்டிலு குலுங்காம ஓட்டணும்னா முப்பது," என்றார் டிரைவர். இருபத்தைந்துக்கே ஒப்புக்கொண்டேன். வழியெல்லாம் கொட்டகைகள். வாசல்களில் தலையில்லாத பிள்ளையார்களும் கண் வரையாத குதிரைகளும் பலகைமேல் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு பலகைக்கு இருபத்துநான்கு.

மாலை 4.05. பாஸ்கர் வந்தார். மேசையில் நான்கு கப்புகள். வெளியே நல்ல நீலம், முகம் பார்க்கக்கூடிய பளபளப்பு. நான் அளவுக் குடுவையை எடுத்தேன். கப்புக்கு ஜிஞ்சர் பீர் நூறு மில்லி, நன்னாரி சர்பத் பதினைந்து, எலுமிச்சைச் சாறு பத்து. மேலே கோலி சோடா எண்பது. ஓட்டலில் விருப்பப்படுகிறவர்களுக்கு வெள்ளை ரம் சேர்ப்பார்களாம். வீட்டில் அது இல்லாமல்தான் கலந்தோம்.

சோடா விழுந்ததும் நுரை குபுகுபுவென்று பொங்கி விளிம்புக்கு மேல் இரண்டு விரல் நின்றது. பாஸ்கர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அட! இதுதான் சார் வேணும். கஸ்டமர் பாத்த ஒடனே கேப்பான்."

செல்வத்தின் முகம் மலர்ந்தது. கலா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நுரை அடங்கியபோது நான் கப்புக்குள் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"மாப்ள, இருபது மில்லி குறையுது," என்றேன். "இன்னும் யாரும் வாய் வைக்கல."

"நுரையில போயிருக்கும் மாமா," என்று செல்வம் அவசரமாகச் சொன்னார்.

கண்முன்னே மட்டம் இன்னும் ஒரு நூல் இறங்கியது. விரலை விட்டு உள்சுவரைத் தடவினேன். பூந்தொட்டி போலச் சொரசொரப்பு. பொம்மைக்கு உள்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள்? வெளியே மட்டும் கண்ணாடிப் பூச்சு பூசிச் சூளையில் வைப்பார்கள். அந்தப் பூச்சை இங்கே கிளேஸ் என்கிறார்கள். பதினோரு வருடப் பழக்கத்தில் செல்வத்தின் கை கப்புக்கும் அதையே செய்திருந்தது.

"இந்தக் கப்புக்கு உள்ளே கிளேஸ் அடிக்கல. சுட்ட மண்ணு குடிக்குது. நாளைக்கு இதுல மோர் ஊத்தினாலும் இஞ்சி வாசனைதான் வரும்," என்றேன்.

செல்வம் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தப்புதாங்க," என்றார் பாஸ்கரிடம். "பொம்ம கை. உள்ளயும் கிளேஸ் அடிச்சுக் குடுத்துடுறேன்."

பாஸ்கர் தலையாட்டினார். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் உண்மை பாதியில் நிற்பது எனக்கு ஒத்துக்கொள்ளாது.

"உள்ளே கிளேஸ் அடிச்சா இவ்வளவு நுரை வராது," என்றேன். சொரசொரப்பில்தான் சோடா பொங்கும், வழவழப்பில் பொங்காது.

பாஸ்கர் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு நுரைதானே சார் முக்கியம். அது இல்லன்னா கண்ணாடி கிளாஸே போதுமே."

செல்வம் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே திருப்பூர் இருக்கும் திசையைப் பார்த்தார் என்றே எனக்குத் தோன்றியது.

கலா விருட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். கண்ணாடித் தம்ளரும் உப்பு ஜாடியுமாகத் திரும்பி வந்தாள். எதையும் அளக்காமல் ஜிஞ்சர் பீரையும் சோடாவையும் தம்ளரில் ஊற்றினாள். வழவழப்பான கண்ணாடி, லேசான நுரைதான். அதன்மேல் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினாள். பொங்கி, வழிந்து, மேசை விரிப்பை நனைத்து, பாஸ்கரின் செல்போன் வரை போனது.

"பஸ் ஸ்டாண்டு சோடாக் கடையில டெய்லி இதத்தானப்பா பண்றான்," என்றாள். "நீங்க மில்லி எண்ணிக்கிட்டு இருங்க."

பாஸ்கர் செல்போனைத் துடைத்தபடியே சிரித்தார். "கஸ்டமர் முன்னாடியே தூவுனா இன்னும் நல்லாருக்கும்மா. இந்த நீலத்துமேல வெள்ள நுரை வழிஞ்சா, கண்ணாடியில வராத அழகு. செல்வம், உள்ளயும் கிளேஸ் அடிச்சு முந்நூறு குடுத்துடுங்க. உப்பு எங்க செலவு."

ஞாயிறு காலை 7.00. செல்வம் என்னைப் பஸ் ஏற்ற வந்தார். ஜன்னலோர இடம் பிடித்து, காலிப் பாட்டில்கள் இருந்த பையை மேலே வைத்தார்.

"போயிட்டு வாங்க மாமா. அடுத்த தடவ வரும்போது ஜிஞ்சர் பீர எடுத்துட்டு வாங்க, வாய மட்டும் கடலூர்லயே வெச்சுட்டு வாங்க."

பஸ் மணிமுத்தாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாஸ்கர் வந்ததிலிருந்து படுக்கப் போகும்வரை நான் பேசியது மொத்தம் ஏழு வாக்கியம். அதில் ஆறு அந்த ஆர்டரைக் கெடுக்கப் பார்த்தவை. ஏழாவது, "நான் காலையில கெளம்பறேன்" என்பது. அதற்குத்தான் மகளும் மருமகனும் ஒரே குரலில் "சரிங்க" என்றார்கள்.