நானூற்றுப் பன்னிரண்டு அடிகள்

இடது முன்சக்கரத்துக்கு ஓர் உதை. "கிளம்புடா சோம்பேறி." அதற்குப் பிறகுதான் வண்டியக்கா கைப்பிடியைப் பிடிப்பார். மருத்துவமனையின் நான்கு கட்டடங்களிலும் அழுக்கு விரிப்புகளைத் திரட்டிச் சலவை அறைக்குத் தள்ளிப்போவது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக அதேதான். வண்டிக்கு மணி கிடையாது. திருப்பங்களில் "கால், கால்!" என்று குரல் கொடுப்பார், பெரிய டாக்டரும் சுவரோடு ஒட்டிக்கொள்வார்.

இரண்டு மாதமாக ஊழியர்கள் எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு கறுப்புப் பட்டை. யார் எத்தனை அடி நடந்தார்கள் என்று அது செல்பேசிச் செயலிக்குச் சொல்லும்; செயலி போடும் பட்டியல் சாப்பாட்டுக்கூடத் திரையில் ஓடும். முதலிடம் மேலாளர், பதினோராயிரம். கடைசியில், சிவப்பில், வண்டியக்கா: நானூற்றுப் பன்னிரண்டு.

"என்னக்கா, நாள் பூரா தூக்கமா?" லிஃப்ட்காரர் சீண்டினார்.

"ஸ்டூல்ல உட்கார்ந்து கையாட்டிக் கதை பேசியே மூவாயிரம் எடுத்தவன் நீ. பேசாத தம்பி."

மேலாளர் சிரிக்கவில்லை. ஆயிரத்தைத் தொடாதவர்களுக்கு மதிய இடைவேளையில் உடற்பயிற்சி வகுப்பு என்றார். நாளெல்லாம் நடக்கும் வண்டியக்கா உட்காருவது அந்த அரைமணி நேரம்தான். செருப்பைக் கழற்றி, கால் நீட்டி, யாரோடும் பேசாமல் சாப்பிடுவார்.

கைப்பிடியில் பதிந்த கை ஆடாது. ஆடாத கையைப் பட்டை எண்ணாது. அதை முதலில் கண்டுபிடித்தவரும் லிஃப்ட்காரர்தான். "பட்டையைக் கால்ல கட்டிக்கோங்கக்கா, சரியாயிடும்."

"நான் நடக்கிறேன். அதுக்கு எண்ணத் தெரியல. அதுக்கு நான் எதுக்குக் கால்ல விலங்கு மாட்டிக்கணும்?"

வகுப்பு தொடங்கும் நாளில், நிறைந்த வண்டியோடு நேராக மேலாளர் அறைக்குப் போனார்.

"சார், உங்க பட்டையில இப்ப எவ்வளவு?"

"ஆறாயிரத்து நாற்பது. ஏன்?"

"நாலாவது கட்டடம் வரைக்கும் இதைத் தள்ளிட்டு வாங்க. நூறு அடி கூடியிருந்தாலும் வகுப்புக்கு வர்றேன். எல்லாருக்கும் முன்னால நின்னு குதிக்கிறேன்."

அதற்குள் வாசலில் கூட்டம். மேலாளர் வண்டியைப் பிடித்தார். சக்கரம் அசையவில்லை. "உதைங்க சார்" என்றார் வண்டியக்கா. உதைத்தார்.

இருபது நிமிடம் கழித்து, முதுகில் ஒட்டிய சட்டையோடு திரும்பியவரின் மணிக்கட்டை லிஃப்ட்காரர் எட்டிப் பார்த்தார். "ஒன்பது கூடியிருக்கு! அதுவும் வேர்வை துடைச்சதுக்கு!"

வண்டியக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைகழுவி வந்து, மேலாளரின் நாற்காலியில் அமர்ந்து, செருப்பைக் கழற்றி, கால் நீட்டி, சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.