துளைக்குள் சந்தனம்

மலாயாவின் ஈப்போ நகரில் லகாட் சாலையோரம் இருந்த சதாசிவத்தின் மோட்டார் பட்டறையைப் பற்றிப் பேச்சு வந்தால், கஸ்பாரின் பெயரும் வரும். கூடவே ஒரு கதையும் வரும். ஆயுத பூசையன்று அவர் சாமியைக் கும்பிடாமல் நின்றாராம். மறுநாளே அவர் கையில் ஓர் இஞ்சின் கெட்டதாம். இதைச் சொல்பவர்களில் படித்தவர்களும் உண்டு. கேட்டுத் தலையாட்டுபவர்கள் அவர்களைவிட அதிகம். பட்டறைக்கு எதிர்வரிசையில் குடியிருந்தவன் நான். காரணத்தைத் தேடுவது ஒரு வேலை, பழிபோட ஆள் தேடுவது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்ட ஒரு கூட்டம் எதையும் எந்தக் காலத்திலும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

கஸ்பார் சித்தியவான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். தோட்டத்து ஆலையில் ரப்பர்த் தகடு உருட்டும் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடப் போய், அங்கேயே இரும்பு வேலை பழகிக்கொண்டார். கல்யாணமானதும் அகதாவைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தார். சதாசிவம் பட்டறையில் வேலை கொடுத்து, பட்டறைக்குப் பின்னால் ஓர் அறையும் கொடுத்தார்.

கஸ்பாரை உத்தமர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை அகதாவை மாதா கோயிலுக்கு அனுப்பிவிட்டுத் தாம் கள்ளுக்கடைக்குப் போவார். வாயும் சும்மா இருக்காது. யாராவது ஸ்பானரைக் கோணலாகப் பிடித்தால், “நீ பேசாம சட்டி கழுவப் போலாம்லா” என்பார். வேலையில் கெட்டிக்காரர்தான். ஆனால் ஈப்போவில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. அநியாயம் உத்தமருக்கு நடந்தால்தான் அநியாயம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்த வருஷம் பூசைக்கு முன்பு, செமோர் பக்கத்துத் தோட்டத்துத் துரையின் கார் வந்திருந்தது. இஞ்சினுக்குள் படிந்த கரியைச் சுரண்ட வேண்டும். மேல்மூடியைக் கழற்றிவிட்டால் கீழே இருக்கும் இரும்புக் கட்டியில் வரிசையாகத் துளைகள் தெரியும். மூடியைப் பிடிக்கும் போல்ட்டுகள் இறங்கும் துளைகள் அவை. உள்ளே மரை வெட்டியிருக்கும், அடி மூடியிருக்கும். கஸ்பார் கரியைச் சுரண்டி முடித்தபோது பூசை வந்துவிட்டது. திறந்த இஞ்சினைச் சாக்குப் போட்டு மூடினார்.

பூசையைச் செய்தவர் பத்துமலை. சதாசிவத்தின் மைத்துனர். பட்டறையில் அவருக்கு இன்ன வேலை என்று கிடையாது. வருபவர்களிடம் பேசுவார், பெட்ரோல் ஊற்றுவார். பூசை என்றால் மட்டும் ஆளே வேறு. சுத்தியல், ரம்பம், ஸ்பானர், மரை வெட்டும் டாப்பு என எல்லாக் கருவிகளையும் கழுவிச் சாமி படத்துக்கு முன் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். எதையும் விட்டுவிடக் கூடாது, விட்டது கோபித்துக்கொள்ளும் என்பது அவருடைய எண்ணம். கஸ்பாரின் சொந்தக் கருவிகளும் அந்த வரிசையில் இருந்தன. அவரே கழுவிக் கொண்டுவந்து வைத்தார். கற்பூரம் காட்டும்போது மட்டும் வாசலோரம் ஒதுங்கி நின்றார். பொரிகடலையை வாங்கித் தின்றார். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

படைத்த கருவியை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. காலையில் கருவிகளை எடுத்ததும் துரையின் கார்தான் முதல் வேலை, சாயங்காலம் வண்டி போக வேண்டும். கஸ்பார் சாக்கை நீக்கினார், மூடியை வைத்தார், போல்ட்டுகளை இறக்கினார். கடைசிச் சுற்றுகள் முரண்டின. ஸ்பானரை இழுத்து முறுக்கினார். மூலையில் இருந்த போல்ட் ஒரு கணம் இறுகி, அப்புறம் வெண்ணெயில் திருகியது போலச் சும்மா சுற்றியது. மரை போய்விட்டது.

சதாசிவம் ஓடி வந்தார். “என்னடா பண்ணுன? துரை வண்டிலா இது.”

“மரை செத்துப் போச்சுண்ணே. ஏன்னு தெரியல. இருங்க.”

பத்துமலை தூணில் சாய்ந்து நின்றிருந்தார். “எனக்குத் தெரியும் மச்சான். நேத்து எல்லாரும் கும்பிட்டாங்க. ஒருத்தர் மட்டும் வாசல்ல நின்னு பொரி தின்னாரு.”

“பொரி தின்னா மரை போவுமா?” என்றார் கஸ்பார். “அப்படின்னா நீ தின்ன பொரிக்கு ஈப்போவுல ஒரு வண்டி ஓடாது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பத்துமலை சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்கும் கஸ்பார் பிறகு விலை கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

கஸ்பார் போல்ட்டை வெளியே எடுத்தார். நுனியில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. வளைந்த கம்பியைத் துளைக்குள் விட்டுக் கிண்டினார். கெட்டியான துண்டுகள் வந்தன. எண்ணெயில் ஊறிய சந்தனம், நடுவே சிவப்பாகக் குங்குமம். மூடியைக் கழற்றி மற்றத் துளைகளையும் கிண்டினார். எல்லாவற்றிலும் இருந்தது. பட்டறையில் பெட்ரோல் நாற்றத்தையும் மீறிச் சந்தனம் மணத்தது.

நடந்தது இதுதான். பத்துமலை சாக்கைத் தூக்கி, ஒரு துளை விடாமல் சந்தனக் குழம்பை வைத்து, மறுபடி சாக்கை ஒழுங்காகப் போட்டு மூடியிருக்கிறார். குழம்பு அடிக்கு வழிந்து காய்ந்து கட்டியாகிவிட்டது. போல்ட் முழுதும் இறங்க இடமில்லை. அடியில் முட்டிய போல்ட்டை மேலும் முறுக்கினால் அது மேல் மரையைப் பிய்த்துக்கொண்டு எழும். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. பாட்டிலின் கழுத்தில் கல்லைச் சிக்கவைத்துவிட்டுத் தக்கையை அமுக்கிப் பார்த்தால் தெரியும்.

கஸ்பார் துண்டுகளைக் காகிதத்தில் போட்டு நீட்டினார். “அண்ணே, இதைப் பாருங்க.”

சதாசிவம் ரயில்வே பட்டறையில் வேலை கற்றவர். அவருக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு துண்டை எடுத்து விரலில் உருட்டினார். மைத்துனரைப் பார்த்தார். பிறகு, இன்று நினைத்தாலும் என் உடம்பு கொதிக்கிறது, அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஜன்னல் கட்டையில் பத்திரமாக வைத்தார். தடயம் பிரசாதம் ஆகிவிட்டது.

“சாமி சந்தனம் பட்டு இரும்பு கெடுமா?” என்றார் பத்துமலை.

“யார் சந்தனமா இருந்தாலும் காஞ்சா கல்லுதான்” என்றார் கஸ்பார்.

“பேச்சு போதும்” என்றார் சதாசிவம். “இப்ப என்ன செய்யலாம், அதைச் சொல்லு.”

பத்துமலைக்கு ஒரு யோசனை இருந்தது. போல்ட்டில் ஈயத்தகட்டைச் சுற்றி முறுக்கிவிட்டால் பிடித்துக்கொள்ளும், துரைக்கு எங்கே தெரியப் போகிறது என்றார். பிடித்துக்கொள்ளும்தான், சூடு ஏறும்வரை. கஸ்பார் அதைக் காதில் வாங்கவில்லை. கெட்ட துளையைத் துரப்பணத்தால் பெரிதாக்கினார். பெரிய டாப்பை நேராக நிறுத்தி, பாதிச் சுற்று முன்னே, கொஞ்சம் பின்னே என்று மரை வெட்டினார். அந்த அளவுக்கு ஓர் இரும்பு முளை கடைந்து, துளைக்குள் திருகி இறுக்கி, விளிம்பைச் சுத்தியலால் தட்டி அமர்த்தி, மட்டமாக அராவினார். பிறகு முளையின் நடுவில் பழைய அளவுக்கே புதுத் துளை போட்டுப் புது மரை வெட்டினார். அவசரப்பட்டால் டாப்பு உள்ளே ஒடிந்துவிடும். ஒடிந்தால் அந்த இரும்புக் கட்டியையே மறந்துவிட வேண்டியதுதான். அன்று முழுதும் அவர் யாரையும் கிண்டல் செய்யவில்லை. மறுநாள் மதியம் கார் புறப்பட்டது. சிம்பாங் பூலாய் வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

கார் போயிற்று. கதை போகவில்லை. பத்துமலை சாப்பாட்டுக் கடை வரை சொல்லிவிட்டார். வண்டி கொண்டுவந்த இரண்டு பேர், வேதக்காரர் கை படாமல் வேலை செய்ய முடியுமா என்று கேட்டார்கள். சதாசிவம் கஸ்பாரைக் கூப்பிட்டார். பத்துமலையும் பக்கத்தில் இருந்தார்.

“வெள்ளிக்கிழமை படத்துக்கு முன்னால ஒரு தேங்காய் உடை. எல்லார் முன்னாலயும், என்னாலதான் வந்துச்சு, மன்னிச்சிடு சாமின்னு சொல்லிடு. அதோட முடிஞ்சுது. நீ பாட்டுக்கு வேலையப் பாரு.”

“சொல்லலேன்னா?”

“ஆளுங்க வண்டி விடமாட்டாங்க கஸ்பார். நான் என்ன செய்ய?”

கஸ்பார் யோசித்தார். “தேங்காய் உடைக்கிறேண்ணே. சாக்கை எடுத்ததும் ஓட்டையைப் பாத்திருக்கணும். பாக்காம போல்ட் போட்டது என் சாலா, என் தப்புதான். அதைச் சத்தமாவே சொல்றேன். சாக்கைத் தூக்கினது அவரு. அதை அவரு சொல்லட்டும். ரெண்டு தேங்காய் வாங்கிடுங்க.”

“சந்தனம் வச்சதுக்கு மன்னிப்பு கேக்கணுமா நானு?” என்றார் பத்துமலை. “நல்லா இருக்கு நியாயம்.”

பத்துமலை அறியாமல் செய்தார், அவர் பக்தியில் பொய் இல்லை. அவரை என்னால் மன்னிக்க முடிகிறது. சதாசிவத்துக்குத் தெரியும். தெரிந்தவர் வாய்மூடி நின்றதைத்தான் என்னால் இன்றும் செரிக்க முடியவில்லை. தன்மேல் தவறில்லாத சாமிக்கு ஒரு பொய்யைப் படைக்கச் சொன்னது எந்த வகைப் பக்தி?

அகதா அப்போது நிறைமாதம். வேலை போனால் அறையும் போகும். அவள் பட்டறை வாசலில் நின்று பேசியது எதிர்வீட்டில் எனக்கே கேட்டது.

“ஒரு வார்த்தைதானே. சொல்லிட்டு வந்துடுங்களேன். பிள்ளை பொறக்கற நேரத்துல எங்க போறது?”

“இன்னைக்குச் சொன்னா நாளைக்கு எவன் வண்டி நின்னாலும் என் கைதான்னு சொல்லுவாங்க. அவரே ஒத்துக்கிட்டாருன்னு சொல்லுவாங்க. பொறக்கற பிள்ளையையும் சேத்துதான் சொல்லுவாங்க.”

அகதா உள்ளே போகத் திரும்பினாள். பிறகு, “அந்தப் பெரிய சட்டியை நீங்க தூக்குங்க, என்னால குனிய முடியாது” என்றாள்.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே செமோருக்குப் போய்விட்டார்கள். அங்கே அகதாவின் அண்ணன் மரியஜோசப் தோட்டத்து லயத்தில் இருந்தார். ஓர் அறையில் இரண்டு குடும்பம். பிள்ளை அங்கேதான் பிறந்தது. கஸ்பார் சாலையோரம் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு, சைக்கிள், தையல் மெஷின், ஈயச் சுரங்கத்துப் பம்பு என்று வந்ததையெல்லாம் பழுது பார்த்தார். முதல் மாதங்கள் மிகவும் மோசம். அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

அடுத்த வருஷப் பூசை முடிந்த வாரம் நான் அந்தக் கூரையடியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. சதாசிவம் இறங்கினார். கஸ்பார் முக்காலியைத் தள்ளிப் போட்டார். அகதா தேத்தண்ணி கொண்டுவந்தாள். பிள்ளையைப் பார்த்து, அம்மா சாயல் என்றார் சதாசிவம். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

“வந்துடு கஸ்பார். தேங்காயும் வேணாம் ஒண்ணும் வேணாம். பின்னால அறை காலியாத்தான் கெடக்கு. புது ஆளு டாப்பை ஒடச்சு ஒடச்சுப் போடுறான்லா.”

“பூசை நல்லா நடந்துச்சாண்ணே?”

“நடந்துச்சு. ரெண்டு வண்டி தொறந்து கெடந்துச்சு. எல்லா ஓட்டையையும் துணி வச்சு அடைச்சுட்டுத்தான் சந்தனம் வைக்க விட்டேன்.”

“ஏன் அடைச்சீங்க?”

சதாசிவம் தேத்தண்ணியைக் குடித்தார்.

“பட்டறையில ஆளுங்களுக்குச் சொன்னீங்களா, ஏன் அடைக்கிறோம்னு?”

“பழசெல்லாம் இப்ப எதுக்குப்பா. நான் நேர்ல வந்து கூப்பிடுறேன்.”

“பத்துமலை இன்னும் அந்தக் கதையச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு. போன வாரம்கூட இங்க ஒருத்தர் வந்து என்கிட்டயே சொன்னாரு, நான்தான்னு தெரியாம.” கஸ்பார் சிரித்தார். “நீங்க போய் ஒரு நாள், இல்லப்பா, சந்தனம் காஞ்சுதான் மரை போச்சுன்னு அவரு முன்னால சொல்லுங்கண்ணே. அன்னைக்குச் சாயங்காலமே சட்டி பானையோட வாரேன்.”

“அவன் என் பொண்டாட்டி கூடப் பொறந்தவன்லா.”

“தெரியும்ணே.”

சதாசிவம் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். பிள்ளை கையில் ஒரு காசு வைத்தார். அகதா வேண்டாம் என்று சொல்லவில்லை. கார் ஈப்போப் பக்கம் திரும்பிப் போயிற்று. கஸ்பார் பம்பின் மூடியைக் கழற்றி, துளைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, போல்ட்டுகளைத் தேட ஆரம்பித்தார்.

கஸ்பார் கேட்ட அந்த ஒரு வாக்கியத்தைச் சதாசிவம் சொன்னதாக நான் இதுவரை கேள்விப்படவில்லை.