வெள்ளிக் கூட்டில் பல்லடையாளம்

என் தம்பிக்குப் பயம் அதிகம். சம்பூரில் எங்கள் வீட்டுக் கிணற்றடிக்குக்கூட இருட்டினால் தனியே போகமாட்டான். “அக்கா, வந்து நில்லுங்க” என்று என் கையைப் பிடித்து இழுப்பான். நித்திரையில் அலறியடித்துக்கொண்டு எழும்புவான். அம்மா பூசாரியிடம் கொண்டுபோய் மந்திரம் ஓதுவித்து, விரல் நீளத்தில் தகடு அடைத்த ஒரு வெள்ளி அச்சரக்கூட்டைக் கறுப்புக் கயிற்றில் கோத்து அவன் கழுத்தில் கட்டிவிட்டார். அலறல் நின்றது. ஆனால் அந்தக் கூட்டை வாயில் போட்டுக் கடித்தபடி தூங்குவது பழக்கமாகிவிட்டது. பதினான்கு வயதாகியும் விடவில்லை. வெள்ளி முழுக்கப் பல்லடையாளம்.

“ஐயாவுக்கு இப்பத்தான் பல்லு முளைக்குதோ” என்று நான் பகிடி பண்ணுவேன். முறைப்பான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பள்ளிக்கூடக் கொப்பி வாங்கப் போகிறேன் என்று திருகோணமலைக்கு மூதூர் லோஞ்சுப் படகில் ஏறியவன் திரும்பி வரவில்லை. இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று ஊர் சொன்னது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கிணற்றடிக்குப் போகப் பயந்த பிள்ளையிடம் துவக்கைக் கொடுக்க எவனுக்கு மனம் வந்தது? முகம் தெரியாத அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அம்மா திட்டவில்லை. “கழுத்தில கூடு கிடக்கு. அவனுக்கு ஒண்டும் வராது” என்று சொல்லிச் சொல்லியே தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த வருடம் ஒரு மத்தியானம் படலையைத் திறந்துகொண்டு வந்து நின்றான். குரல் உடைந்து ஆண்குரலாகியிருந்தது. அது எங்கள் வீட்டில் நடந்திருக்க வேண்டியது.

“சாப்பிட்டுட்டுப் போகலாமெண்டு வந்தனான். பின்னேரம் போகவேணும்.”

குசினியில் இருத்தி அம்மா சோறும் மீன்குழம்பும் போட்டார். அவன் குனிந்து சாப்பிடும்போது சட்டைக் கழுத்துக்குள் கறுப்புக் கயிறு தெரிந்தது. அம்மாவின் முகம் மலர்ந்ததை என்னென்று சொல்வேன்.

“பாத்தியா பிள்ளை, கழட்டாம வச்சிருக்கிறான்” என்றார் என்னிடம். பிறகு அவனிடம், “கயிறு ஊத்தையாப் போச்சு மகன். புதுசு மாத்திக் கட்டிவிடுறன்” என்று சட்டைக்குள் கையை விட்டார்.

அவன் சோற்றுக் கையாலேயே அம்மாவின் கையைப் பிடித்துவிட்டான்.

“தொடாதீங்க அம்மா. கண்ணாடி. உடைஞ்சிரும்.”

கயிற்றை அவனே வெளியே எடுத்துக் காட்டினான். சின்னக் கண்ணாடிக் குழாய். உள்ளே வெள்ளைத் தூள்.

“இதென்ன மகன், மருந்தோ?”

“நஞ்சு. ஆமியிட்டப் பிடிபட்டாக் கடிக்கிறதுக்கு.”

வாத்தியாரிடம் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னான். பிறகு காற்சட்டைப் பையிலிருந்து பழைய வெள்ளிக் கூட்டை எடுத்து அம்மாவின் பக்கத்தில் வைத்தான். “ரெண்டையும் போட ஏலாது. இதை நீங்க வச்சிருங்க.”

அம்மா அழவுமில்லை, ஏசவுமில்லை. வெள்ளிக் கூட்டை எடுத்து அதிலிருந்த பல்லடையாளங்களை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“மகன், நீ நித்திரையில கடிக்கிற பிள்ளையெல்லோ?”

அவன் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தான்.

“யோசிக்காதீங்க அம்மா. படுக்கக்குள்ள முதுகுப் பக்கமாத் திருப்பிப் போட்டுட்டுத்தான் படுக்கிறனான்.”