மைக் செருகாத மதியம்

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும், நானும் இதையெல்லாம் நம்பாத ஆள்தான். கிரிவலமே சர்க்கரைக்காக நடப்பவள். வேங்கிக்காலில் வாடகை வீட்டில் இருந்தபடி மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன்.

என் மகள் கயலுக்குப் பதினான்கு வயது. தூக்கத்தில் வலிப்பு வரும். கட்டிலருகே மைக் வைத்து, கட்டில் அதிரும் சத்தம் கேட்டால் என் போன் அடிக்கும்படி பைத்தானில் ஒரு புரோகிராம் நானே எழுதியிருந்தேன். வேகத்துக்காக உள்பகுதியை மட்டும் சி மொழியில் எழுதினேன். இரண்டு வருடம் ஒழுங்காக அடித்தது. ஒரு ஞாயிறு மதியம் அடிக்கவில்லை. நான் தற்செயலாக எட்டிப் பார்த்தபோது நாக்கைக் கடித்துத் தலையணையெல்லாம் ரத்தம்.

தப்பு என்னுடையது. சத்தம் இருக்கும் நினைவகத்தை எடுக்க நான் பயன்படுத்தியவை கைவிடப்பட்ட பழைய ஃபங்ஷன்கள். அவற்றை மாற்றச் சொல்லி கம்ப்யூட்டர் திரையில் எச்சரிக்கை ஒவ்வொரு முறையும் வந்தது, ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன். அவை முகவரியை மட்டும் கொடுக்கும், நாம் படித்து முடிக்கும்வரை இடத்தைப் பிடித்து வைக்காது. செங்கம் ரோட்டு விடுதியில் அறை எண்ணை மட்டும் தெரிந்துகொண்டு போகிற மாதிரி. கதவைத் திறந்தால் உள்ளே வேறு யாரோ இருக்கலாம். அன்று கட்டில் சத்தத்துக்குப் பதில் வேறு எதையோ படித்திருக்கிறது. புதிய முறையில் சொல்லி வாங்க வேண்டும், முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அதை மாற்றி எழுதாமல் அவளைத் தனியாகத் தூங்கவிடுவதில்லை என்று மறுநாள் லீவு போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"தூங்கறதுக்கும் உன் கம்ப்யூட்டர் பர்மிஷன் குடுக்கணுமாம்மா?" என்றாள் கயல், பக்கத்தில் முறுக்கு தின்றபடி.

"குடுக்கற வரைக்கும் உக்காருடி."

இரண்டு மணிக்குப் புதியது தயார். பழையதை அழிப்பதற்கு முன் அதன் கோளாறைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. மைக்கைக் கழற்றினேன், நினைவகம் காலியாகட்டும் என்று கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன், பழையதை ஓட்டி, காலியான அந்த முகவரியில் இருப்பதை ஸ்பீக்கருக்கு அனுப்பினேன். வெறும் இரைச்சல்தான் வரும் என்று நினைத்தேன்.

ஸ்பீக்கரில் கட்டில் அதிரும் சத்தம் கேட்டது. பிறகு என் குரல். "கயலு, அம்மா இருக்கேன், கண்ணத் தொறடி." மூன்று முறை கூப்பிட்டது. பதில் இல்லை. பின்னால் மழை. அதோடு நின்றுவிட்டது.

கயல் மெல்லுவதை நிறுத்தினாள். "எப்போ எடுத்ததும்மா இது?"

"பழசு எதனா இருக்கும்."

"தகரத்து மேல மழை பெய்யுது. நம்ம வீட்ல ஏதும்மா தகரம்?"

என் புரோகிராம் சத்தத்தைச் சேமித்து வைப்பதே இல்லை. சாயந்திரம் வரை முப்பது தடவையாவது ஓட்டியிருப்பேன். இரைச்சலைத் தவிர எதுவும் வரவில்லை. அழித்துவிட்டேன். புதியது பிசகவில்லை, அதன்பிறகு இரண்டு முறை வலிப்பு வந்தது, இரண்டு முறையும் அடித்தது.

போன வாரம் வீட்டுக்காரர், மாடி ஒழுகுகிறது என்று கயல் அறைக்கு மேலே தகரம் அடித்துவிட்டார். வேண்டாம் என்று சண்டையே போட்டேன். "ஏன்மா, உங்களுக்குத்தானே நல்லது?" என்றார். என்ன காரணம் சொல்வது?

அன்றிலிருந்து அவள் கட்டிலை ஒட்டித்தான் படுக்கிறேன், ஒரு கையை அவள் மேல் போட்டபடி. இன்னும் மழை வரவில்லை.